பணம் இருக்கு, ஆனா பத்தலை

இந்த மாதம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் பாடம். ஐ, என், எஸ், யூ என்று தொடங்கும் 12 எழுத்துச் சொல். "இன்-ச-ஃபி-ஷியன்ட்" என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். "சஃபிஷியன்ட்" என்றால் போதுமானது. முன்னால் "இன்" சேர்ந்தால் போதாது, நம்ம பேச்சில் "பத்தலை". இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. பந்தியில் 30 பேர் உட்கார்ந்திருக்க, பானையில் 25 பேருக்குத்தான் சோறு இருக்கிற மாதிரி.

இந்தச் சொல் தெரியாமல் எங்கள் குழு பட்ட பாடு இருக்கிறதே! தையல் மெஷின் வாங்க 12,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தோம். எங்கள் நோட்டுக் கணக்குப்படி வங்கியில் 12,150 இருந்தது. பாஸ்புக் பதிந்து மூன்று மாதமாச்சு. இடையில் வங்கிக் கட்டணமாக 236 ரூபாய் பிடித்தது யாருக்கும் தெரியாது. மீதி 11,914. வெறும் 86 ரூபாய் குறைவு! வங்கி இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்காது. செக்கையே திருப்பிவிட்டது.

கடைக்காரர் அந்தத் துண்டுச் சீட்டின் நகலைக் கொடுத்தனுப்பினார். "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்று அதில் இருந்தது. ரசீதாக்கும் என்று தீர்மான நோட்டுக்குள் சொருகி வைத்தோம். சில நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தபிறகுதான் படித்தவரைத் தேடி ஓடினோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அது நம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமாகாது. தவறினால் வழக்கு, 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. செக்கில் கையெழுத்துப் போட்ட ஊக்குநரும் பிரதிநிதியும்தான் கோர்ட் படி ஏறணும். நாங்கள் ஒன்பதாம் நாள் கட்டிவிட்டோம். அதுவரை இரண்டு பேருக்கும் தூக்கமில்லை.

அந்தச் சீட்டில் ஆங்கிலம் புரியாவிட்டாலும் எண்ணைப் பாருங்கள். செக் திரும்பியதற்கான காரணம் 01 என்றால் இதேதான்.

ஏ.டி.எம். திரையில் "இன்சஃபிஷியன்ட் பேலன்ஸ்" என்று வந்தால், நீங்கள் கேட்ட தொகைக்குக் கணக்கில் பணம் பத்தலை. மெஷின் கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கார்டைப் போடாதீர்கள். இப்படித் தவறும் ஒவ்வொரு முறைக்கும் பல வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன. முதலில் இருப்பைப் பார்த்துவிட்டுக் குறைத்துக் கேளுங்கள்.

கடன் மனுவில் "இன்சஃபிஷியன்ட் டாக்குமென்ட்ஸ்" என்று எழுதித் தந்தால், கடன் கிடையாது என்று அழுதுகொண்டு வரவேண்டாம். காகிதம் குறைகிறது, அவ்வளவுதான். எந்தக் காகிதம் என்று அங்கேயே கேட்டு, தமிழில் குறித்துக்கொண்டு வாருங்கள்.