பெயர்ச்சொல்லுக்கு முன்னால்

கண்ணு, ஆங்கிலப் பத்திரிகையில் துணையாசிரியராகச் சேர்ந்திருக்கிறாய். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று பெயரடைகள் வந்து நின்றால் எதை முன்னே வைப்பது, எங்கே கமா போடுவது என்று கேட்டிருந்தாய். அந்த மேசையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. வரிசையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், அத்தனை சொல்லும் வேண்டுமா என்று பார். எங்கள் மூத்த ஆசிரியரிடம் ஓர் இரங்கல் செய்தி வந்தது. இறந்தவருக்கு முன்னால் ஐந்து அடைமொழிகள். எழுதிய பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதில் நீ விசாரித்துத் தெரிந்துகொண்டது எது?" என்று அமைதியாகக் கேட்டார். ஒன்றுதான் மிஞ்சியது. செய்தி நிமிர்ந்து நின்றது.

2. வரிசை உண்டு. அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், செய்த பொருள், பயன் என்று 2013-இல் வந்த தன் நூலில் மார்க் ஃபார்சைத் அடுக்கிக் காட்டினார். 'லவ்லி ஓல்ட் பிரவுன் உட்டன் டேபிள்' என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது. 'உட்டன் பிரவுன் ஓல்ட்' என்றால் இடறுகிறது. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதே. 'பிக் பேட் உல்ஃப்' அதற்கு அடங்காது. அங்கே அளவு முந்திக்கொண்டு அபிப்பிராயம் பின்னால் வருகிறது. இந்த வரிசை எழுத்தாளர் டோல்கீனையே குழப்பியது. அவர் ஏழு வயது வாக்கில் ஒரு டிராகன் கதை எழுதினார். 'கிரீன் கிரேட் டிராகன்' என்று சொல்லக் கூடாது, 'கிரேட் கிரீன் டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றாராம் அம்மா. ஏன் என்பது தனக்கு இன்னும் புதிர்தான் என்று 1955-இல் கவிஞர் ஆடனுக்கு எழுதினார். அப்போது டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்! ஆகவே உடனே பிடிபடவில்லை என்று மனம் தளராதே. நல்ல ஆங்கிலத்தை நாள்தோறும் வாய்விட்டுப் படி. காது பழகினால் கை தானாக வரும்.

3. கமாவைப் பயத்தில் போடாதே. இரண்டு சோதனை போதும்: நடுவில் 'அண்டு' போட்டுப் பார், இடம் மாற்றிப் பார். 'லாங், டயரிங் டே' இரண்டுக்கும் இசைகிறது. இரண்டு சொல்லும் சம உரிமையோடு அந்த நாளைப் பற்றிப் பேசுகின்றன, கமா வேண்டும். 'ஓல்ட் உட்டன் டேபிள்' இசையாது. அங்கே 'ஓல்ட்' மரமேசை முழுவதையும் தழுவி நிற்கிறது, கமா வேண்டாம்.

4. இது எனக்கு மிகவும் பிடித்த பாடம், நிதானமாகப் படி. ஒரு திருட்டு வழக்குச் செய்தியில் 'லைட் கிரீன் பாக்ஸ்' என்று வந்தது. புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிருபருக்குப் போன் போட்டார்: "தம்பி, பெட்டி கனமில்லாததா, நிறம் வெளிறியதா?" கனமில்லாத பச்சைப் பெட்டி என்றால் 'லைட்', 'கிரீன்' நடுவே கமா. வெளிர்பச்சை என்றால் இரண்டையும் சேர்த்து ஒரு சிறுகோடு. குறி ஒன்று மாறினால் பெட்டியே மாறிவிடும். வெளிர்பச்சைதான் என்று நிருபர் சொன்ன பிறகே கோட்டைப் போட்டார். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று நீயாக ஊகித்துத் திருத்தாதே, கேள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 'ஸ்மால் பிஸினஸ் ஓனர்' வந்தாலும் இப்படித்தான்: சிறியது தொழிலா, ஆளா?

5. நிருபரின் பிழையைப் பத்துப் பேர் முன்னால் வாசித்துக் காட்டாதே. தனியாகக் கூப்பிட்டுச் சொல். அடுத்த முறை சந்தேகம் வந்தால் அவரே உன்னிடம் வருவார்.

6. கடைசிப் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவே கமா வராது. 'டால், தின், மேன்' என்று பலர் கைபோன போக்கில் போட்டுவிடுவார்கள். பக்கத்தை அனுப்பும் முன் அந்த இரண்டாவது கமாவை மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்து எடுத்துவிடு.