எழ மறுக்கும் ஃபிளாஷ்

கேள்வி: என் கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவின் பாப்-அப் ஃபிளாஷ் திடீரென்று மேலே எழுவதில்லை. பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியலாம். பலமுறை குற்றவாளி ஃபிளாஷ் அல்ல, அதற்குப் பின்னால் உள்ள ஹாட் ஷூ. வெளி ஃபிளாஷைச் செருகும் அந்த உலோகத் தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறது. வெளி ஃபிளாஷ் செருகப்பட்டிருக்கிறதா என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். தூசியோ துருவோ சேர்ந்து அது அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், வெளி ஃபிளாஷ் இருப்பதாகக் கேமரா நம்பி, உள் ஃபிளாஷை எழுப்பாது.

கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். மரப் பல்குச்சியால் அந்த சுவிட்சை மெல்ல அசைத்துவிடுங்கள். வெளி ஃபிளாஷ் கையில் இருந்தால், அதைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தாலே போதும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். மறுபடி தூசியை இழுக்கும்.

திரையில் எரர் 05 என்று வந்தால் சங்கதி வேறு: ஃபிளாஷ் எழ முயன்று முடியாமல் நிற்கிறது. மூடியின் விளிம்பில் மணல் இருக்கிறதா பாருங்கள், விரலால் தடுக்கிறீர்களா என்றும்.

இதற்கும் மசியாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். தயவுசெய்து மேல்மூடியை நீங்கள் கழற்றாதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கும்.