எங்க விமானம் ஏன் எழும்பல?

போன பருவத்தில் ஒரு பாடத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாதிரி விமானம் ஒன்று செய்தோம். சுமையோடு சேர்த்து 4 கிலோ. திடலில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் அது தரையை விட்டு எழும்பினால்தான் மதிப்பெண். பகல் 2 மணிக்கு எங்கள் முறை வந்தது. ஓடியது, ஓடியது, கோட்டைத் தாண்டியும் ஓடியது. சக்கரம் தரையை விடவே இல்லை.

எல்லாரும் மோட்டாரைத் திட்டினோம். ராத்திரி கணக்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது. காற்றின் அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ காற்று என்பதற்கு, புத்தகத்தில் இருந்த 1.225-ஐ அப்படியே எழுதியிருந்தேன். அது கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸில் உள்ள காற்று. நம்ம நாட்டுத் திடலில் பகல் 2 மணிக்கு 15 பாகை எங்கே இருக்கு?

காற்று சூடானால் அதன் மூலக்கூறுகள் இன்னும் வேகமாக ஓடி மோதும். வெளி அழுத்தம் மாறாதபோது அதே காற்று கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்போ ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் காற்று குறையும். சூத்திரம் சின்னதுதான்: அழுத்தத்தை, 287-ஐயும் வெப்பநிலையையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஆனால் வெப்பநிலை கெல்வினில் இருக்கணும். செல்சியஸோடு 273 கூட்டுங்க. எஸ்.பி.எம். எழுதப் போறவங்க இங்கேதான் கோட்டை விடுவாங்க. 15 பாகை 35 ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் என்று தோன்றும். உண்மையில் அது 288-லிருந்து 308-க்குத்தான் போகிறது. அடர்த்தி 1.225-லிருந்து 1.146 ஆகும்.

சுமார் 6 விழுக்காடுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இறக்கையின் தூக்குவிசை அடர்த்தியைப் பொறுத்தது. அதே வேகத்தில் 4 கிலோவைத் தூக்கும் என்று நான் நம்பிய இறக்கை, அந்த வெயிலில் 3.74 கிலோவைத்தான் தூக்கும். சரி, இன்னும் வேகமாக ஓடட்டும் என்றால், முன்னே இழுக்கும் விசிறியும் அதே லேசான காற்றைத்தான் தள்ளுகிறது. அதன் விசையும் குறைந்துவிடும். வேகம் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் அதைச் சேர்க்கும் பலமும் குறைகிறது. அதனால்தான் கோடு போதவில்லை.

பெரிய விமானங்களுக்கும் இதே கதைதான். 2017 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 பாகையைத் தொட்டபோது, 40-க்கும் மேற்பட்ட சிறிய ஜெட் விமானப் பயணங்கள் ரத்தாயின. அந்த விமானங்கள் இயங்கும் வெப்ப எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

“அப்படின்னா கேமரன் மலைக்குப் போயிடலாமா?” என்றான் எங்க குழுவில் ஒருத்தன். அங்கே குளிர்தான், ஆனால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் குறைவு. 18 பாகையிலும் அடர்த்தி சுமார் 1.01தான். இன்னும் மோசம்!

இன்னொன்றும் எனக்கு ஆச்சரியம். புழுக்கமான காற்று கனமானது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீராவி மூலக்கூற்றின் நிறை 18. உலர்ந்த காற்றின் சராசரி சுமார் 29. நீராவி சேரச் சேர காற்று லேசாகிறது. 35 பாகையில் ஈரப்பதம் 55 விழுக்காடு என்றால் அடர்த்தி 1.13 வரை இறங்கும்.

விரிவுரையாளர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். 1.225-ஐ அடித்துவிட்டு 1.13 போட்டேன். இறக்கையின் பரப்பைச் சுமார் 10 விழுக்காடு கூட்டினோம். கொஞ்சம் எடை கூடியது; அதற்காக மின்கலத்தைச் சிறிதாக்கினோம். காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அதே திடல், அதே 2 மணி வெயில். கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது சக்கரம் மேலே வந்தது.