அம்மாக்கள் ஏன் வேலையை விட்டு கம்பெனி ஆரம்பிக்கிறார்கள்?

"ஏன் தொழில்முனைவோர் ஆனீங்க?" என்று கேட்டால், நம் காலேஜ் மேடைகளில் அநேகமாக 'பேஷன்' என்றுதான் பதில் வரும். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இந்தப் பதில் பாதிதான் பொருந்தும்.

இந்தக் காரணங்களை 'புஷ்', 'புல்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சொந்த ஐடியா, தானே முடிவெடுக்கும் ஆசை எல்லாம் இழுப்பவை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, லீவு முடிந்து திரும்பினால் டம்மி ப்ராஜெக்ட், தள்ளிப்போகும் ப்ரமோஷன் எல்லாம் தள்ளுபவை. பரீட்சைக்கு இப்படி எழுதலாம். நிஜத்தில் இரண்டும் ஒரே ஆளிடம் கலந்துதான் இருக்கும்.

2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். சரி, 27-வது வாரம்? குழந்தைக்கு அதிகபட்சம் ஆறு மாசம்தான் ஆகியிருக்கும். 30 பேர் உள்ள ஸ்டார்ட்அப் என்றால் காப்பகமும் கட்டாயமில்லை. காலை 9 மணி மீட்டிங்கைப் பார்த்தா குழந்தைக்குக் காய்ச்சல் வரும்?

சொந்தத் தொழில்னா வேலை கம்மி என்று நினைக்காதீங்க, பெரும்பாலும் அதிகம்தான். ஆனால் எந்த நேரத்தில் செய்வது என்பது அவங்க கையில். என் கணக்கில் இதுதான் பெரிய காரணம்.

நம்ம துறையிலேயே ஒரு உதாரணம் பாருங்க. இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி, வேலையில் பெண் என்பதால் மேலே போக முடியாமல், 1962-ல் வெறும் 6 பவுண்டில் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷமே அவருக்கு மகன் பிறந்தான். குழந்தைக்காக வேலையை விட்ட ப்ரோக்ராமர்களை எடுத்து, வீட்டிலிருந்தே கோடு எழுத வைத்தார். 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடிதங்களுக்குப் பதிலே வந்ததாம்! போனில் கிளையண்ட் பேசும்போது குழந்தை சத்தம் கேட்காமலிருக்க, டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் ஓடவிடுவாராம். கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான ப்ரோக்ராமை எழுதியதும் அவரது கம்பெனிதான். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் 3 பேர். 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததும், பெண்களை மட்டுமே எடுப்பது சட்டவிரோதமாகி, ஆண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.