எடப்பாடிக் காருக்கு எந்த டயர்?

எடப்பாடியிலோ சங்ககிரியிலோ டயர் கடைக்குப் போய் எஸ்யூவி டயர்கள் அடுக்கியிருக்கும் பக்கம் பாருங்கள். ஒன்றிரண்டின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று அச்சாகியிருக்கும். கேட்டால், "சேத்துக்கும் பனிக்கும் போட்டதுங்க, நம்ம மழைக்குத் தாராளமா ஆகுமுங்க" என்று பதில் வரும். பேச்சின் முன்பாதி சரி, பின்பாதி நம்பத்தக்கது அல்ல. அந்த எழுத்தைப் போட எந்தச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. பட்டனுக்குப் பட்டன் கொஞ்சம் அகலமாக இடம் விட்ட டயருக்குத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். மழை பெய்து நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் கார் எங்கே நிற்கும் என்பதற்கு அந்த எழுத்தில் விடை இல்லை.

உண்மையான பனிக்கால டயருக்கு வேறு அடையாளம் உண்டு: மூன்று சிகரம் கொண்ட மலை, அதன் நடுவே ஒரு பனித்துகள். பனியில் ஓட்டிச் சோதித்த பிறகுதான் இந்த முத்திரை கிடைக்கும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையைப் பிடிக்காது. பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பட்டன்களின் மேல் மயிரிழை மாதிரி கீறல்கள் நிறைய ஓடும். அவை பனியைக் கவ்விக்கொள்ளும்.

எடப்பாடியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதே ஊரில் சித்திரையில் வெயில் 40 டிகிரியை எட்டும். தார்ச்சாலையின் மேற்பரப்பு இன்னும் அதிகமாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் இளக்கமான ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதைவிட மோசம், பிரேக் பிடிக்கும்போது பட்டன்கள் நெளிவதால் கார் நிற்கும் தூரம் நீளும். ஐரோப்பாவிலேயே கோடை வந்ததும் இந்த டயரைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஆகவே சேலம், நாமக்கல் சமவெளியில் ஓடும் காருக்குப் பனிக்கால டயர் வேண்டாம். யாராவது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

"ஊட்டிக்குப் போவோமே, அங்கே உறைபனி விழுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுவது உண்மைதான். ஆனால் உறைபனி பெரும்பாலும் புல்லிலும், வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியிலும்தான் படியும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். விடியற்காலையில் கிளம்பாமல் எட்டு மணிக்கு மேல் வண்டியை எடுத்தால் போதும். அதற்காக நான்கு டயர் மாற்றுவது வீண் செலவு. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் இந்தக் கேள்வியே எழாது.

ஆனால் ரப்பர் விறைக்கும் பிரச்சினை நமக்கும் உண்டு. இங்கே அதற்குக் காரணம் குளிர் இல்லை, வயது. இந்தப் பக்கம் வீட்டுக் கார்கள் பல, கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் தறிப்பட்டறை முன்னாலோ தோட்டத்துக் களத்திலோ வெயிலில் நிற்கும். ஆறேழு வருஷம் கழித்துப் பார்த்தால் பட்டன் பாதிக்கு மேல் இருக்கும், "டயர் புதுசாட்டம் இருக்குது" என்று உரிமையாளரும் திருப்தியாக இருப்பார். அந்த ரப்பரோ வருஷக்கணக்காக வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் கொடுக்காது. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். காய்ந்த சாலையில் அதன் குறை தெரியாது. ஐப்பசி மழையில் மேட்டூர் சாலை வளைவு ஒன்றில் குறுக்கே மாடு வரும்போதுதான் தெரியும்.

டயரின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் எல்லை. நம் வெயிலுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். ஆறேழு வருஷத்தில் மாற்றிவிடுங்கள். புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்ததென்றால் வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி, உண்மையில் நம் முன்னால் இருக்கும் வகைகள்.

முதல் வகை, காருடன் வந்த அதே அளவிலான சாதாரணச் சாலை டயர். எடப்பாடி, கொங்கணாபுரம், ஜலகண்டாபுரம், சங்ககிரி என்று தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிகளுக்கு இதுதான். பக்கவாட்டில் 165/80 ஆர்14 85டி என்று இருந்தால், 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதையும், கடைசி எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். அளவு கிடைக்கவில்லை என்று இந்தச் சுமை எண்ணில் குறைந்ததைக் கட்டவிடாதீர்கள். கல்யாணத்துக்கு ஏழு பேரும் சீர்வரிசைப் பாத்திரமும் ஏறும் ஊர் இது. பல டயர்களில் அமெரிக்க முறைப்படி மூன்று மதிப்பீடுகளும் இருக்கும்: தேய்மானத்துக்கு ஓர் எண், ஈரப்பிடிப்புக்கு ஓர் எழுத்து, சூடு தாங்குவதற்கு ஓர் எழுத்து. சூட்டுக்கு 'ஏ' வாங்குங்கள். ஈரப்பிடிப்புக்கு 'ஏ'-க்குக் கீழே வேண்டாம். தேய்மான எண் கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். நெடுநாள் உழைக்கும் ரப்பர் பல சமயம் மழையில் பிடிப்புக் குறைந்ததாக இருக்கும். ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் ஏஐஎஸ் 142 என்ற தரத்தைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2022-ல் அறிவிப்பு வெளியிட்டது. ஆக, பில் போட்டுப் புதிதாக வாங்கும் டயருக்கு ஒரு குறைந்தபட்ச உறுதி உண்டு. பழைய டயரைப் பட்டன் வெட்டி விற்கும் இடத்தில் அது கிடையாது.

இரண்டாவது, எஸ்யூவிகளுக்கான ஆல் டெரெய்ன் என்ற முரட்டு டயர். பொலிரோவையோ தாரையோ வாங்கிய இளவட்டங்களுக்கு இதன்மேல் ஆசை. தினமும் மழையில் குழைந்த மண்பாதையில் தோட்டத்துக்குப் போய் வருபவருக்கு இது நியாயமான தேர்வு. பூலாம்பட்டி ஆற்றோரம் படம் எடுத்துக்கொள்வதற்காக என்றால், சத்தமும் கூடும், மைலேஜும் குறையும், ஈரத் தாரில் பிரேக் தூரமும் நீளும்.

மூன்றாவது, ஆல் சீசன் டயர். மிஷ்லின் நிறுவனம் 2015-ல் கிராஸ்கிளைமேட் என்ற டயரைக் கொண்டுவந்த பிறகு ஐரோப்பாவில் இவ்வகை பரவியது. கோடைக்கும் ஆகும், மலை முத்திரையும் உண்டு. மிதமான குளிர் உள்ள ஊர்களுக்கு அருமையான சமரசம். பனியே இல்லாத ஊரில் எதற்கு எதோடு சமரசம்? நமக்குத் தேவையில்லை.

நான்காவது, தேய்ந்த டயரின்மேல் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்கள். இங்கே டயர் பற்றிய அறிவு முழுவதும் லாரியிலிருந்துதான் வீட்டுக் காருக்கு வருகிறது. லாரிக்காரர் புது டயரை முன்னால் போடுவார். அது கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் தள்ளுவார். பிறகு ரீட்ரெட் போட்டு, பின் அச்சில் ஜோடி ஜோடியாக ஓட்டுவார். புது டயர் விலையில் பாதிக்கும் குறைவாக முடிந்துவிடும். ரேடியல் டயரின் உள்கூடு நன்றாக இருந்தால் ஒருமுறைக்கு மேலும் ரீட்ரெட் தாங்கும். பாரம் ஏற்றிய லாரியில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். பின்னால் ஜோடியில் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். லாரிக்கு இந்தக் கணக்கு சரியானது.

அதையே காரிலும் செய்வதுதான் சிக்கல். இரண்டு டயர் மட்டும் வாங்கினால், "முன் சக்கரந்தானுங்க இழுக்குது" என்று புதியதை முன்னால் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது நேர்மாறானது: புதியவை பின்னால். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் ஓட்டுபவர் திரும்பப் பிடித்துவிடலாம். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுழன்று கார் குறுக்கே நின்றுவிடும்; சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்ப முடியாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். வீட்டுக் காருக்கு ரீட்ரெட்டே வேண்டாம். அதற்கு ஜோடிச் சக்கரம் இல்லை, மிச்சமாகும் பணமும் சொற்பம்.

சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கு மட்டும் நிஜப் பனி உண்டு. ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர் போகும் வண்டிகள் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் பனியில் மாட்டிக்கொள்வது வருஷந்தோறும் நடப்பது. அதற்கும் டயரை மாற்றுவதில்லை. சக்கரத்தில் சுற்றும் இரும்புச் சங்கிலிதான் வழி. இழுக்கும் அச்சில் இருபுறமும் கட்டி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, பனி முடிந்த இடத்திலேயே கழற்றிவிட வேண்டும். வெறும் தாரில் சங்கிலியோடு ஓட்டினால் சங்கிலியும் டயரும் சேர்ந்து போகும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் பனிக்கால டயர் போடச் சட்டம் கிடையாது. பனி விழும் நாளும் குறைவு. மலை முத்திரை உள்ள ஆல் சீசன் அங்கே சரியான தேர்வு. ஜெர்மனியில் சாலையில் பனியோ உறைவோ இருந்தால் தகுந்த டயர் கட்டாயம், இல்லையென்றால் 60 யூரோ அபராதமும் ஒரு தண்டனைப் புள்ளியும். 2024 அக்டோபர் 1 முதல் வெறும் எம்+எஸ் எழுத்து அங்கே செல்லாது, மலை முத்திரை வேண்டும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டவருக்குக் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் விதி. டொரன்டோக் குளிருக்கு ஆல் சீசனை நம்ப வேண்டாம், தனியாகப் பனிக்கால டயர் நான்கையும் வாங்கச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு மட்டும் போடுவது, மேலே சொன்ன அதே காரணத்தால், ஆபத்து.

ஊருக்குத் திரும்புவோம். நம் டயருக்குச் சோதனைக் காலம் மழை. சாலையில் நீர் நிற்கும்போது டயர் அதை ஒதுக்க முடியாமல் மேலே மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட கணக்கின்படி இந்த மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 33 காற்று உள்ள டயர் சுமார் 95 கிலோமீட்டரில் மிதக்கும் என்றால், 25-க்கு இறங்கியது 85-ஐத் தொடும் முன்பே மிதக்கும். பட்டன் தேய்ந்திருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே. "வெயில் காலம், காத்தைக் கொறைச்சு வைங்க" என்ற பழைய யோசனையை அதனால்தான் கைவிட வேண்டும். குறைந்த காற்று டயரை நெளியவைத்து மேலும் சூடாக்கும். வெடிப்பதற்கும் அதுவே காரணம். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அடிக்கக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடு பட்டனோடு சமமானால் அந்த எல்லை வந்துவிட்டது. மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டரில் மாற்றுங்கள். புரட்டாசிக்குள் மாற்றினால் ஐப்பசி, கார்த்திகையை நல்ல பட்டனோடு கடக்கலாம்.

ஓட்டுவதில் சொல்ல வேண்டியவை சில. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து சோப்பாகும். சங்ககிரியில் சிமெண்டுத் தூளும் சேரும். முதல் அரைமணி நேரம் பொறுத்துப் போங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தையில் கொள்ளையும் சோளத்தட்டையும் சாலையில் பரப்பிப் போடுவார்கள். காய்ந்த தட்டின்மேல் எந்த டயருக்கும் பிடிப்பு இல்லை, அடியில் சிக்கினால் தீப்பிடிக்கவும் கூடும். அதே தையில்தான் எடப்பாடிக் காவடிகள் பழனிக்கு நடக்கும். இரவில் சாலையோரம் ஆள் இருக்கும் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. காற்றையும் அந்த நான்கு இலக்கத்தையும் அதிலும் பாருங்கள். பெரும்பாலான வீட்டுக் கார்களில் மிகப் பழைய டயர் அதுதான்.