கம்பெனி ஃபோன்களுக்கான ஆப் இண்டெக்ஸ்: செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

விற்பனைப் பிரதிநிதியோ கிடங்கு ஊழியரோ வைத்திருக்கும் கம்பெனி ஃபோன், புது ஆப் வந்திருக்கிறதா என்று ரெப்போவின் ஆப் பட்டியலான இண்டெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. இண்டெக்ஸ் பிசகினால் நல்ல ஆப்பும் சர்வரிலேயே கிடக்கும். எஃப்-டிராய்டு மென்பொருளை வைத்துச் சொந்த ரெப்போ நடத்தும் ஆண்ட்ராய்டு நிர்வாகிகளுக்காக இது.

செய்ய வேண்டியவை

• பேக்கேஜ் பெயர், வெர்ஷன் கோட், தேவைப்படும் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு ஆகியவற்றை ஏபிகே கோப்புக்குள்ளிருந்தே எடுங்கள். கோப்பின் பெயரை நம்ப வேண்டாம்.

• ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வெர்ஷன் கோடை உயர்த்துங்கள். 2.9-க்கு அடுத்தது 2.10 என்பது நமக்குத் தெரியும். எழுத்து வரிசைப்படி அடுக்கினால் 2.10 முன்னால் வந்துவிடும். ஆண்ட்ராய்டு இந்த வெர்ஷன் பெயரைப் பார்ப்பதில்லை, முழு எண்ணான வெர்ஷன் கோடைத்தான் பார்க்கும். அது குறைந்திருந்தால் அப்டேட்டை ஏற்காது. ஆகவே பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால், அந்த நிரலையே கூடுதல் வெர்ஷன் கோட் கொடுத்து மறுபடி பில்ட் செய்யுங்கள்.

• முதலில் ஏபிகே, கடைசியில் இண்டெக்ஸ் என்ற வரிசையில் ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் ஃபோன்கள் இல்லாத கோப்பைத் தேடும்.

• ஊழியர்களிடம் இருப்பதிலேயே பழைய ஃபோனில் ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

• ஆப்பின் கையொப்பச் சாவியை இஷ்டப்படி மாற்றாதீர்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். வேறு சாவியில் கையொப்பமிட்ட ஆப்பைப் பழையதன் மேல் ஆண்ட்ராய்டு நிறுவ விடாது. நீக்கிவிட்டுப் போடு என்று சொன்னால், சிக்னல் இல்லாத ஊரில் எடுத்து இன்னும் சர்வருக்குப் போகாத ஆர்டர்கள் ஆப்போடு சேர்ந்து அழியும். அந்த இழப்பு, வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியவரின் உழைப்பு.

• ஏற்றிய ஏபிகேயை அதே பெயரில், அதே வெர்ஷன் கோடில் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். இண்டெக்ஸில் உள்ள ஹேஷ் பொருந்தாமல் போகும்.

• இண்டெக்ஸைக் கையால் திருத்தாதீர்கள். அதுவும் ரெப்போவின் சாவியால் கையொப்பமிட்ட கோப்பு. ஓர் எழுத்து மாறினாலும் ஃபோன் நிராகரிக்கும்.

• பழைய ஆப்தானே, ஓடும் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்பை இலக்காக வைத்துக் கட்டிய ஆப்களை ஆண்ட்ராய்டு 14 புதிதாக நிறுவ அனுமதிப்பதில்லை.

ஆப்பின் சாவி, ரெப்போவின் சாவி இரண்டும் ஒரே ஒருவரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், அடுத்த அப்டேட்டைத் தொடுவதற்கு முன் அவற்றை வேறோர் இடத்தில் பத்திரமாகப் பிரதி எடுத்து வையுங்கள்.