ஆடு விதைத்த காடு



இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் செடி கொடியைப் பற்றி எழுத வந்துட்டானே என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். முதலாம் ஆண்டுக் கட்டணம் கட்ட எங்கள் அப்பாரு பட்டியிலிருந்து நான்கு வெள்ளாடுகளை விற்றார். அந்த ஆடுகள் மேய்ந்து வளர்ந்தது சத்தியமங்கலம் மலையடிவாரத்து முள்காட்டு ஓரத்தில். ஆக, என் படிப்புக்கு முதல் போட்டது அந்தக் காடு. அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

உலர்காடு என்பது எது?

ஆண்டில் பல மாதங்கள் மழை இல்லாமல், கோடையில் பெரும்பாலான மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் வெப்பமண்டலக் காடுதான் உலர்காடு. 1968-இல் சாம்பியன், சேத் என்ற இருவர் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, உலர் இலையுதிர் காடு, முள்காடு இரண்டையும் தனித்தனி வகையாக வைத்தார்கள். சத்தியமங்கலம் பக்கம் இரண்டையும் பார்க்கலாம்.

மாசி, பங்குனியில் இந்தக் காட்டைப் பார்த்தால் செத்துப் போனது போலிருக்கும். சாகவில்லை, ஒளிந்திருக்கிறது! டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் ராங்கியர் (1860–1938) ஒரு எளிய கேள்வி கேட்டார்: கெட்ட காலத்தைத் தாண்ட ஒரு செடி தன் மொட்டை எங்கே வைத்திருக்கிறது? அந்தப் பதிலை வைத்தே தாவரங்களைப் பிரித்தார். வேங்கை, கருமருது, உசில் ஆகியவை மொட்டை உயரத்தில் கிளையிலேயே வைத்திருக்கும். புற்களில் பல தரையை ஒட்டி வைத்திருக்கும். செங்காந்தளும் காட்டு வள்ளியும் மண்ணுக்கடியில் கிழங்கில் வைத்திருக்கும். நெருஞ்சி போன்ற சிறு செடி காய்ந்து போய், விதையாக மட்டும் காத்திருக்கும்.

சரி, இதற்கும் விதை பரவுவதற்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் நம்ம பாடம் வருகிறது.

காற்றை நம்புகிறவர்கள்

வேங்கைக் காயைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் விதை, சுற்றிலும் வட்டமான இறக்கை. தணக்குக் காய்க்கு இரண்டு நீள இறக்கை, விழும்போது மின்விசிறி மாதிரி சுழலும். இலவுக்குப் பஞ்சு, வெப்பாலை விதைக்குப் பட்டுக்குஞ்சம். எல்லாம் விழும் வேகத்தைக் குறைக்கத்தான். கணக்கு இதுதான்:

விதை போகும் தூரம் = (உயரம் ÷ விழும் வேகம்) × காற்றின் வேகம்.

15 மீட்டர் மரத்திலிருந்து ஒரு விதை நொடிக்கு 1 மீட்டர் வீதம் இறங்குகிறது, காற்று நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விதை 45 மீட்டர் போகும். அதே உயரத்திலிருந்து இறக்கை இல்லாத கொட்டை 2 நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். தாய்மரத்தின் காலடியிலேயே கிடக்கும். அங்கே நிழல், வேர்ப்போட்டி, பூச்சி எல்லாம் உண்டு. பிழைப்பது கஷ்டம்.

இப்போது 1.5 மீட்டர் புதருக்கு அதே இறக்கையைக் கொடுத்துப் பாருங்கள். 4.5 மீட்டர்தான்! தரைப்பக்கம் காற்றும் மெதுவாகவே வீசும் என்பதால் அதுகூடக் கிடைக்காது. ஆகவேதான் உலர்காட்டில் காற்றை நம்புவது பெரும்பாலும் உயர்ந்த மரங்களும், அவற்றின் மேல் ஏறும் கொடிகளும். காட்டு வள்ளி கெட்டிக்காரக் கொடி. மொட்டை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, உயரத்தை அடுத்த மரத்திடம் கடன் வாங்கி, இறக்கை விதையைக் காற்றில் விடுகிறது.

நேரமும் முக்கியம். இலை இருந்தால் காற்று தடைபடும். அதனால்தான் இந்தக் காய்கள் பலவும் இலையற்ற வறட்சிக் காலத்தில் முற்றிக் காய்கின்றன. விதை தரையில் காத்திருந்து முதல் மழைக்கு முளைக்கிறது.

வயிற்றை நம்புகிறவர்கள்

குட்டையான களா, சூரை, இலந்தைக்கு உயரம் இல்லை. அவை சதைப்பழத்தைக் கூலியாகக் கொடுத்து ஆள் பிடிக்கின்றன. கொண்டைக்குருவி, மைனா, நரி, கரடி எல்லாம் கூலியாட்கள். பெரிய மரங்களிலும் வேம்பு, நாவல் இந்த வழிதான். முதுமலைக் காட்டில் புள்ளிமான் நெல்லிக்கனியைத் தின்றுவிட்டு, அசைபோடும்போது கொட்டையைத் துப்புவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை அப்பாருவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதுக்குப் போயி காட்டுல காத்துக் கெடக்கணுமா கண்ணு? நம்ம பட்டியக் கூட்டிப் பாரு." விடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஆடுகள் அசைபோட்டுத் துப்பிய இலந்தைக் கொட்டைகள் குவியலாகக் கிடந்தன!

எங்கள் ஊர்ப் புறம்போக்கு

ஆனால் புழுக்கையை உடைத்துப் பார்த்தபோது வேறொன்றும் இருந்தது. சீமைக் கருவேலம் விதை. அமெரிக்கக் கண்டத்து மரம் இது. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தை மூடவும் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடு இதன் இலையைச் சீந்தாது, இனிப்பான காயை விரும்பித் தின்னும். கெட்டியான விதை வயிற்றில் சாகாமல் எருவோடு வெளியே வரும். வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும்.

எங்கள் ஊர்ப் புறம்போக்கில் இன்று நிற்பது பெரும்பாலும் அதுதான். உயர்ந்த மரங்களை வெட்டினோம், காற்றுக்குக் கொடுக்க விதை இல்லை. இலந்தை, களாப் புதரை அழித்தோம், குருவிக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த கூலியாள் ஆடு ஒன்றுதான். அது தான் தின்றதை விதைத்தது. என் கட்டணத்தைக் கட்டிய அதே ஆடுகள்! அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மா அடுப்பெரிப்பதும் அந்த விறகில்தான்.

புறம்போக்கின் மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு ஆயா மரம் மட்டும் மிச்சம். வட்டத் தட்டு போன்ற இறக்கைக் காய் காய்ப்பது. நிழலை அளந்து கணக்குப் போட்டேன், உயரம் சுமார் 15 மீட்டர். மேல்காற்று அதன் விதையைப் புறம்போக்கு முழுக்கத் தூவுகிறது. முள்புதருக்கு அடியில், ஆட்டு வாய் எட்டாத இடத்தில், அதன் கன்றுகள் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்த மரத்தைத்தான் இப்போது விறகுக்கு விலை பேசுகிறார்கள்.

நண்பர்களே, நாம் ஆண்டுதோறும் முகாம் போட்டுக் குழி தோண்டிக் கன்று நடுகிறோம். கோடையில் பல காய்ந்துவிடுகின்றன. நடவேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மூன்று வேலை செய்வோம். காற்று வரும் பக்கம் நிற்கும் தாய்மரத்தை வெட்டாமல் காப்போம். இலந்தை, களாப் புதரைக் குப்பை என்று கொளுத்தாமல் விடுவோம். சீமைக் கருவேலங்காயை ஆடு தின்னும் முன் பொறுக்குவோம். மீதி வேலையைக் காற்றும் குருவியும் ஆடும் கூலி கேட்காமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போகிறேன். எங்கள் அப்பாருவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாவடியில் பெரியவர்கள் கூடும்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்துக் காட்டுவேன். அந்த ஆயா மரம் அடுத்த கோடையிலும் விதை தூவினால், நான் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.